தொண்ணூற்றொன்றில் தொடங்கிய பட்டைகள்

கம்ப்யூட்டரில் போட்ட பார் சார்ட்டைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தொண்ணூறுகளில் அது முதன்முதலில் வந்தபோது எங்கள் ஆபீஸே வாயைப் பிளந்தது. ஒவ்வொரு பட்டையும் செங்கல் மாதிரி கனத்து, பக்கவாட்டில் சாய்ந்து, போதாக்குறைக்கு நிழல் வேறு விழும். பின்னால் நிற்கும் பட்டையை முன்னால் நிற்பது மறைக்கும். எது எவ்வளவு உயரம் என்று கேட்டால் போட்டவருக்கே தெரியாது. ஒன்பது பட்டைக்கு ஒன்பது கலர். எந்தக் கலர் எதற்கு என்று தெரிந்துகொள்ள மூலையில் ஒரு கட்டம், அதற்குள் பொடி எழுத்து. சகிக்கவில்லை என்று சொன்னால், "உங்களுக்கு எதுதான் மேடம் பிடிக்கும்?" என்பார்கள்.

ஆனால் அந்த அலங்காரக் குப்பையெல்லாம் பரவாயில்லை. நான் பார்த்ததிலேயே அருவருப்பான சார்ட் மிகவும் சுத்தமானது. நிழல் இல்லை, சாய்வு இல்லை, ஒரே பார்வையில் யாருக்கும் புரியும். அதைக் கையால் வரைந்தவள் நான்தான்.

எண்பதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, டார்ச் லைட்டுக்குப் பல்பு செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். குரோம்பேட்டையில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே பாவத்துக்காகச் சார்ட் வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கு முன்னால் அதைச் செய்தவர் ஒரு பட்டையில் சாய்கோடு போடுவார், அடுத்ததில் புள்ளி வைப்பார், அதற்கடுத்ததில் கட்டம் போடுவார். மொத்தத்தில் ஜவுளிக்கடை வாசல் மாதிரி இருக்கும். பெயர்களைக் கீழிருந்து மேலாக எழுதிவைப்பார். மீட்டிங்கில் பெரிய மனிதர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே அசிங்கமாக இருக்கும்.

எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். எல்லாப் பட்டைக்கும் ஒரே நீலம். எதைப் பற்றிப் பேசப்போகிறார்களோ அதற்கு மட்டும் சிவப்பு. உயரமானது இடது பக்கம், குட்டையானது வலது பக்கம். பெயர் நேராக, பட்டைக்குக் கீழேயே. பட்டையின் தலையில் எண் எழுதினால் பார்வை எண்ணுக்குப் போய்விடும் என்று அதையும் எடுத்துவிட்டேன். இடது ஓரத்தில் சின்னதாக ஒரு அளவுக்கோடு இருக்கிறதே, வேண்டியவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். இதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். என் ஷீட்டை ஒருத்தன் இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்தால் அது எனக்கு அவமானம் என்று வெளியிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல்புகளைப் பேக் செய்ய எங்களுக்கு இரண்டு ஷெட். முதல் ஷெட் ஃபாக்டரிக்குள்ளேயே இருந்தது. ஃபேன், டியூப் லைட், தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. இரண்டாவது சாலைக்கு அந்தப் பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயிலில் வேகும், மழையில் ஒழுகும். அங்கே முப்பது பெண்கள் வேலை செய்தார்கள். அநேகமாக எல்லாரும் செம்பாக்கம் பக்கம். அவர்களுக்கு லீடராக ஒரு அக்கா இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஏரிக்கரை வழியாக நடந்தே வருவார். எங்கள் கேன்டீனில் சாம்பார் என்ற பெயரில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் எனக்கு இறங்காது. மதியத்தில் சாலையைத் தாண்டிப் போய் அந்த அக்காவின் டப்பாவில் இருந்துதான் பாதி நாள் சாப்பிட்டேன். "ஆபீஸ் பொண்ணு எங்க கொழம்புக்கு அலையுது பாரு" என்று கிண்டல் செய்துகொண்டே கருவாட்டுத் துண்டைப் பொறுக்கி எனக்கு வைப்பார்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். பம்பாயிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், இரண்டு ஷெட்டை இனி வைத்துக்கொள்ள முடியாது, இரண்டாவதை மூடலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்றார். "நீ போடற ஷீட்ட வெச்சுத்தாம்மா முடிவு. தெளிவா இருக்கணும்." அவருக்கு அந்தப் பெண்கள் மேல் எந்தக் கோபமும் கிடையாது. மழைக்காலத்தில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சாலையைக் கடக்க அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முப்பது பேர் வேலை அந்தப் பேண்ட்டின் மடிப்பில் இருந்தது.

கணக்கு இதுதான். பேக் செய்த பெட்டிகளில் நூறு பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், முதல் ஷெட்டில் தொண்ணூற்றேழு பழுதில்லாமல் இருந்தது. இரண்டாவது ஷெட்டில் தொண்ணூற்று நாலு. அந்தக் கூரைக்குக் கீழே, அந்த வெளிச்சத்தில் தொண்ணூற்று நாலு என்றால் உண்மையில் கை தட்ட வேண்டும்.

ஒழுங்காகத்தான் முதலில் வரைந்தேன். சைபரிலிருந்து நூறு வரை அளவு, இரண்டு பட்டை. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரு சுண்டுவிரல் அகல வித்தியாசம்கூட இல்லை. மேனேஜர் அதைக் கையில் வாங்கியதும் சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, சைபர்ல ஆரம்பிச்சிருக்க?"

"அளவு அங்கேருந்துதானே சார் ஆரம்பிக்கணும்?"

"பெரியவங்க வர்றாங்க, மொத மொத பாக்கற ஷீட்டு. சைபரா? கல்யாணத்துக்குக்கூட நூத்தியொண்ணுதான வைக்கறோம்? மாத்து."

சிரிப்பதற்காகச் சொன்னார் என்று நினைத்துவிட வேண்டாம். காரின் நம்பரைக் கூட்டிப் பார்த்து வாங்கியவர். கிருத்திகை தவறாமல் குன்றத்தூர் மலை ஏறுகிறவர். எண்பதில் ஆரம்பிக்கட்டுமா என்றேன். எட்டு ஆகாது என்றார். தொண்ணூறு? அதன் வாலிலும் சைபர். விரல்விட்டுக் கூட்டினார். "தொண்ணூத்தி ஒண்ணு. ஒம்போதும் ஒண்ணும் பத்து, பத்துன்னா ஒண்ணு. சூரியன் நம்பர். பிரமாதம்."

என்ன நடக்கும் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தொண்ணூற்றொன்றைத் தரையாக வைத்தால் முதல் பட்டை ஆறு கட்டம் ஏறும், இரண்டாவது மூன்று கட்டம். கண்ணுக்குச் சரிபாதி. அதையும் அவரிடம் சொன்னேன். "நல்லதுதான, வித்தியாசம் தெரியணும்ல?" என்றார். நான் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. மூக்குக்கண்ணாடி வழியாக அவர் பார்த்த பார்வையில் எல்லாம் உள்ளேயே போய்விட்டது. என் கோழைத்தனத்துக்கு ஆறுதலாக, பட்டைகளின் அடியில் கோணல் மாணலாக ஒரு வெட்டுக்குறி போட்டேன். கீழே கொஞ்சம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "இது என்னம்மா பாம்பு மாதிரி நெளியுது? அபசகுனம்" என்று அதையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பட்டையின் தலையில் எண்ணை எழுத வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எழுதியிருந்தால் அவர் கவனித்திருக்கவேமாட்டார். நான்தான் எழுதவில்லை. என் கொள்கைக்கு அது ஒத்துவராதாம்! இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே துப்பத் தோன்றுகிறது.

மீட்டிங் அன்று காலை மேனேஜர், புரொஜெக்டரில் வைக்கிற கண்ணாடி மாதிரியான ஷீட்களைத் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டி, முதல் ஷீட்டின் மூலையில் குங்குமம் வைத்தார். கான்ஃபரன்ஸ் ஹாலில் விளக்கை அணைத்தார்கள். ஷீட் மாற்றுவதற்காக நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். சுவரில் நீலப் பட்டை ஓங்கி நின்றது, பக்கத்தில் சிவப்புப் பட்டை அதன் இடுப்புக்குக்கூட மேலே வரவில்லை. பம்பாய்க்காரர்கள் மூன்று பேர், வாயில் க்ரீம் பிஸ்கட். ஒருவருடைய உதட்டோரத்தில் க்ரீம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே, "ஒன்லி ஹாஃப்?" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்கலாம். "இல்லை சார், மூன்று பெட்டிதான் வித்தியாசம்." ஒரே ஒரு வரி. தப்பில்லாமல் இங்கிலீஷிலேயே சொல்லத் தெரியும் எனக்கு. நான் சொன்னது, "ஸ்கேல் லெஃப்ட்ல இருக்கு சார்" என்பதுதான். அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அது பொய்யைவிடக் கேவலம்.

அவர் இடது பக்கம் பார்க்கவில்லை. இன்னொருவர் சுவரில் படத்தின் மூலையில் நிழலாக விழுந்த கறுப்பு வட்டத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். குங்குமம் என்று மேனேஜர் விளக்கினார், எல்லாரும் சிரித்தார்கள், அத்தோடு பேச்சு மாறிவிட்டது. வெளியே போகும்போது உதட்டில் க்ரீம் இருந்தவர் என்னிடம் நின்று, "வெரி கிளியர் சார்ட்" என்றார். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், முகமெல்லாம் சூடாகிற அளவுக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த வாரமே ஷெட்டை மூட உத்தரவு வந்தது. பெண்கள் கும்பலாக வந்து கேள்வி கேட்பார்கள் என்று மேனேஜருக்குப் பயம். அதே படத்தைப் பெரிய சார்ட் பேப்பரில் போட்டு ஷெட் கதவில் ஒட்டச் சொன்னார். "படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்ல?" என்றார். போட்டேன். இந்தத் தடவையும் கோடு பிசகவில்லை.

ஒட்டிய அன்று மதியம் நான் சாலையைத் தாண்டவில்லை. கேன்டீனில் அந்த மஞ்சள் தண்ணீரையே பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் காலி டப்பா. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"படத்த பாத்தேம்மா. இன்னாம்மா இது, அவுங்க செய்யறதுல பாதிதான் நாங்க செஞ்சிக்கினு இருந்தோமா?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"எனுக்கு வெக்கமா கீதும்மா. நல்லாத்தான் செய்யறோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். இந்தப் பொண்ணுங்கள இன்னிக்கு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், ரெண்டு பேரு அழுதுச்சுங்க. நீ தெனமும் வந்து துன்னுட்டுப் போறியே, மின்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாத்து செஞ்சிருப்போமில்ல?"

இப்போதும் மூன்று பெட்டிதான். சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் அப்படி வரைந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். தூரத்தில் என் பஸ் வந்துகொண்டிருந்தது.

"போற எடத்துல கொஞ்சம் பாத்து செய்யுங்கக்கா" என்றேன்.

"சரிம்மா" என்று தலையாட்டினார்.