வெள்ளவத்தையில் உடுத்திய கூறைநிறச் சேலை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் படித்த பல்கலைக்கழகத்தைச் சண்டையால் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். பொறுத்துப் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்தது, புலமைப்பரிசிலும் கிடைத்தது. விசாவுக்கான நேர்முகம் கொழும்பில். தனியாக விடமாட்டேன் என்று அம்மா சொன்னதால், அக்காவின் கணவர், அத்தான், துணைக்கு வந்தார்.

நீர்வேலியிலிருந்து புறப்படும்போது அக்கா என் பையில் கூறைநிறத்தில், கலியாணச் சிவப்பில், ஒரு பட்டுச் சேலையை வைத்தா. நேர்முகத்துக்குப் பட்டு எதற்கு என்று கேட்டேன். நல்லாய் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா.

வெள்ளவத்தையில் அத்தானின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கினோம். பின்னேரம் அத்தான் வந்து, இந்த வீட்டுப் போனில் தூதரகத்துக்கு எடுத்துக் கேட்டதாகவும் மறுநாள் இருந்த நேர்முகம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டதாகவும் சொன்னார். பிறகு, இங்கே சில சொந்தக்காரர் வருகினம், அந்தப் பட்டை உடுத்துக்கொண்டு வா என்றார். நம்பினேன். உடுத்தினேன்.

தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனபோது அந்த வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டா:

"ஆர் போன் எடுத்தது, பிள்ளை? எங்கடை போன் முந்தநாளிலையிருந்து வேலை செய்யேல்லை."

அப்படியென்றால் நேர்முகம் தள்ளிப்போகவில்லை. தட்டைக் கொண்டுபோய் முன்னறையில் வைத்தேன். ஒரு நடுவயது அம்மாவும் அவவின் மகளும் இருந்தார்கள். லண்டனில் இருக்கும் அவவின் மகனுடைய படம் மேசையில் கிடந்தது. அத்தான் சிரித்துக்கொண்டு, என்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "அன்ரி, எனக்கு நாளைக்குக் காலமை விசா நேர்முகம். நான் படிக்கப் போறன். பொம்பிளை பாக்க வருகினம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவ அத்தான் பக்கம் திரும்பினா. "பிள்ளைக்கு விருப்பம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டா. தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் போனதும் அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார்: "படிக்கப் போனாலும் கலியாணம் கட்டிப் போனாலும் போறது ஒரே ஊர்தானே."

அந்த ஒரு வசனத்துக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காலையில் பருத்திச் சேலையை உடுத்துக்கொண்டு வீட்டுக்காரியிடம் வழி கேட்டுத் தனியாக பஸ் ஏறினேன். நேர்முகத்தில் இருந்த வெள்ளைக்காரர், படிப்பை இடையில் விட்டுவிட மாட்டீரா என்று கேட்டார். விடமாட்டேன் என்று நான் சொன்ன வேகத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். விசா தந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது அம்மா அழுதா. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் பண்ணினா. அக்கா அழவும் இல்லை, சத்தியம் பண்ணவும் இல்லை. அத்தானுக்கு மரியாதை போய்விட்டதாம். அதைப் பற்றித்தான் வீடு முழுக்கக் கதைத்தது. என் படிப்பு போகவிருந்ததைப் பற்றி ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை.

படிப்பு முடிந்து சில வருடங்களின் பின் அத்தானும் அக்காவும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கில் நாலு பேருக்கு நடுவில் அத்தான் என் தோளைத் தட்டி, "இவவை அந்த நேரம் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் அனுப்பி வைச்சது நான்தான்" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா, ஓம் என்று தலையாட்டினா.

அவருடைய கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, அந்த நாலு பேருக்கும் சொன்னேன்.