மிளகாய் இலைக்கு ஒரு சாம்பிள் துணி

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பச்சைத் துணித்துண்டைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத துண்டு. நமக்குத் தோட்டம் நிலைத்ததே அதனால்தான். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கை பரபரக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனியில் நான் ஷேடு பார்ப்பவன். சாயம் போட்டு வரும் ஒவ்வொரு லாட்டையும், முன்பே ஒப்புக்கொண்ட சாம்பிள் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். துளி வெளுத்திருந்தாலும் டையிங் பட்டறைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் அம்மா பவர் டேபிளில் தைத்தாலும் அவளுக்கு மனசெல்லாம் மண்ணில்தான். வானம் பார்த்து மிளகாய் போடுகிற தெற்குச் சீமையில் பிறந்தவர்கள் நாங்கள். பனியன் வேலைக்காக மண்ணரைக்குக் குடிவந்த பிறகும் அவள் அதை விடவில்லை. கேட்டுக் கேட்டு, திருமுருகன்பூண்டி தாண்டி ஒரு தோட்டக்காரரிடம் அரை ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கினாள்.

"ஒரு போகம் போட்டுப் பாருங்க. செடி நல்லா நின்னுச்சுன்னா நீங்களே வெச்சுப் பாத்துக்குங்க. இல்லீன்னா இங்க துணி பிரிண்டிங்குக்குச் செட்டு கட்டிருவேனுங்க" என்றார் அவர். சும்மா சொல்லவில்லை. அந்தக் கொட்டகைக்கு அளந்து அடித்த முளைக்குச்சிகள் வரப்போரம் அப்படியே நின்றன. அம்மா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

நாற்று நட்டு ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. துணிக்குச் சாம்பிள் இருக்கிறது, இலைக்கு ஏன் இருக்கக் கூடாது? நல்ல இலையின் பச்சைக்குச் சரியான துணி ஒன்று கையில் இருந்தால், எந்தச் செடி வெளுக்க ஆரம்பித்தாலும் முதல் நாளே பிடித்துவிடலாமே! செழிப்பான செடியில் ஓர் இலையைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து மறுநாள் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துண்டுகளில் இருந்த பச்சைகளையெல்லாம் அள்ளிக் கொட்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பதினாலாவது துண்டின் நிறம் இலையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது! சோற்றை மறந்துவிட்டேன். மீதித் துண்டுகளையும் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நானும் அம்மாவும் உச்சி வெயிலில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் செடியில் துண்டை வைத்தேன். சேரவில்லை. இரண்டாவது செடி, மூன்றாவது செடி, எதிலும் சேரவில்லை. கடைசிப் பக்கம் செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"லாட்டே ரிஜெக்ட்டு புள்ள! மொத்தக் காடும் வெளுத்துருச்சு!"

"அப்ப செடியப் புடுங்கி டையிங்குக்குத் திருப்பி அனுப்பப் போறீகளா?" என்று சிரித்தாள். ஆனால் அவள் கண் முளைக்குச்சிகளின் பக்கம் போனது.

எங்கள் ஊரில் செடி வாடினால் ஒரே அர்த்தம்தான், தண்ணீர் போதவில்லை. ஓடிப்போய்ச் சொட்டுநீர் வால்வைத் திறந்தேன். இரண்டு மணி நேரம் விட்டேன். அடுத்து யூரியா வாங்க வண்டியை எடுத்தேன்.

அவள் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க எந்த லைட்டுல பாத்து எடுத்தீக?"

"டியூப்லைட்டுலதான்."

"கம்பெனியில ஒரே துணிய நாலு லைட்ட மாத்தி மாத்திப் பாப்பீகளே. இங்க வந்ததும் அந்தப் புத்தியெல்லாம் எங்க போச்சு?"

வண்டியை விட்டு இறங்கினேன். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான்! பரபரப்பில் அதை நானே மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை லேட் பர்மிஷன் சொல்லிவிட்டு, சூரியன் வருகிற நேரத்தில் போனோம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, பையில் இருந்த மீதித் துண்டுகளை வயலிலேயே ஒரு செழிப்பான செடியின் இலையோடு வைத்துப் பார்த்தேன். அங்கே சேர்ந்ததுதான் இந்த அலமாரித் துண்டு. அதை எடுத்துக்கொண்டு சால் சாலாக, வரிசை வரிசையாக நடந்தேன். பாஸ். பாஸ். பாஸ். கம்பெனியில் தேறிய லாட்டுக்குச் சொல்கிற மாதிரி கத்திக்கொண்டே போனேன். கடைசி நாலு சால் வந்ததும் வாய் நின்றுவிட்டது.

அங்கே அடி இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. நுனித் தளிர்தான் வெளுத்திருந்தது, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. வெயிலில் வாடுகிற செடி விடிந்தால் நிமிர்ந்துவிடும். இவையோ காலைக் குளிரிலும் தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மா மண்ணில் விரலை விட்டாள். எடுத்து மோந்தாள். "சாக்கடை வாடை அடிக்குது. இதுக்குத் தண்ணி பத்தாமப் போகல. முங்கிக் கெடக்கு."

குழாயைத் தடவிக்கொண்டே போனேன். மண்ணுக்கடியில் ஒரு ஜாயின்ட் விட்டுப்போய் எத்தனை நாளாகவோ கசிந்துகொண்டிருந்தது. வேர் மூச்சுவிட முடியாமல் கிடந்த இடத்தில்தான் நேற்று நான் இன்னும் இரண்டு மணி நேரம் ஊற்றியிருக்கிறேன்!

ஜாயின்ட்டைப் பிரித்து மாட்டி, சைக்கிள் டியூப் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அந்த நாலு சாலுக்கும் தண்ணீரை அடைத்தோம். அம்மா ஓரமாக வாய்க்கால் கீறி, நின்ற நீரை வடித்துவிட்டாள். வேர் அறுபடாமல் மேல்மண்ணைக் கிளறிவிட்டாள். யூரியா வாங்கவே இல்லை. பிறகு காத்திருப்பதுதான் வேலை. தினமும் விடியலில் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் நின்று, துண்டை வைத்துப் பார்த்தேன். வெளுத்த இலை வெளுத்தபடியே இருந்தது. பதினோரு செடி செத்தும் போனது.

பத்தாம் நாள் ஒரு செடியின் நுனியில் எலிக்காது மாதிரி புதுத்தளிர் இரண்டு விரிந்திருந்தன. இளந்தளிர் கொஞ்சம் வெளிர்ந்துதான் இருக்கும் என்று மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் துண்டை வைத்தேன். எது துணி, எது இலை என்று தெரியவில்லை! "பாஸ்!" என்று நான் போட்ட சத்தத்தில், ரோட்டில் போன கம்பெனி வேன்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

பூ எடுக்கும் சமயம் தோட்டக்காரர் வந்தார். ஒவ்வொரு சாலாகப் போனார். கடைசி நாலு சாலில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த மூலையில எப்பவும் தண்ணி நிக்குமே. நானே ரெண்டு தடவை செடியத் தொலைச்சிருக்கேன். எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார்.

நான் துணித்துண்டை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனியில வேலை பாக்கறவங்க காட்டுக்கு வந்தா இப்படித்தான் பண்ணுவீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். பிறகு காய்க்கப்போகிற செடிகளின் பாரத்தைப் பார்த்துவிட்டு வரப்போரம் கை காட்டினார்.

"அந்தக் குச்சியெல்லாம் புடுங்கிச் செடிக்கு முட்டுக் குடுத்துக்குங்க. இனி அங்க எதுக்குங்க அது?"

அவர் பேசி முடிப்பதற்குள் அம்மா முதல் குச்சியைப் பிடுங்கியிருந்தாள்.