ஸக்கியா ராத்தா போடச் சொன்ன தடை

ஸக்கியாவுக்குக் கதைக்காமல் இருக்க ஏலாது. ஆனால் கதைக்க ஆள் வேண்டாமா? புருஷன் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டான். மகள் கல்யாணம் முடித்துக் கத்தாருக்குப் போய்விட்டாள். கரைத்தீவு வீட்டில் அவளோடு வாய் திறப்பது பூனை மட்டும்தான், அதுவும் பசித்தால். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேப்பங்காய். திங்கட்கிழமை பஸ் ஏறி, களப்போரத்து உப்புக் கம்பனியில் கணக்குக் கதிரையில் வந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும்.

அங்கே இல்மா, ஷிஹாரா, கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அகீலா என்று மூன்று பிள்ளைகள். மூவருக்கும் அவள் ராத்தா, மூத்த சகோதரி மாதிரி. முன்பெல்லாம் பகல் சாப்பாட்டு மேசையில் ஒருத்தியின் சோற்றில் இன்னொருத்தியின் கை கிடக்கும். மாப்பிள்ளை பார்த்த கதை, மாமியார் கதை எல்லாம் சோற்றோடு சேர்ந்து இறங்கும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவது கம்பனிச் சட்டம் என்பதால் கதைக்கு இடைஞ்சல் இருக்கவில்லை. பிறகு ஒபிஸுக்கு வேகமான இன்டர்நெட் வந்தது. பிள்ளைகள் பார்சலைக் கொம்பியூட்டருக்கு முன்னால் பிரித்து, காதில் வயரைச் செருகிக்கொண்டு, யூடியூப் பார்த்தபடி தின்னத் தொடங்கினார்கள். ஸக்கியா இறால் பொரித்துக் கொண்டுபோனால் கை மட்டும் நீளும், கண் திரும்பாது.

பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் முதலாளி ஹாசிம் ஹாஜியாரிடம் போனாள்.

“புள்ளைகள்ற கண்ணெல்லாம் பேஸ்புக்லயும் யூடியூப்லயும்தான் ஹாஜியார். வேல ஓடுதில்ல.”

வேலை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாதது கதை. அதை முதலாளியிடம் போய்ச் சொல்ல முடியுமா?

ஹாஜியார் சொல்லி, அகீலா அடுத்த நாளே எல்லாவற்றையும் அடைத்தாள். வேறு வழியில்லாமல் மூவரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். ஸக்கியாவுக்குப் பெருநாள் வந்தது போலிருந்தது. அன்று அவள் கதைத்த கதையில் சோறு ஆறிப்போனது.

அந்தச் சந்தோஷத்தில் ஹாஜியாரே மண்ணை அள்ளிப் போட்டார். ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க மேசையருகே வந்து நின்று, “ஸக்கியா சொன்னதாலதான் எனக்கு வெளங்கினது. இப்பிடி நாலு பேர் இருந்தாக் கம்பனி உருப்பட்டிரும்,” என்றார். மனுஷன் பாராட்டத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகும் பிள்ளைகள் மேசைக்கு வந்தார்கள், கதைத்தார்கள், சிரித்தார்கள். ஸக்கியா கதிரையை இழுத்தால் மட்டும் கதை வெயிலுக்கும் மழைக்கும் போய்விடும். இறாலை நீட்டினால், “வேணாம் ராத்தா, வயிறு சரியில்ல,” என்பாள் இல்மா. மூன்று வயிறும் ஒரே நாளில் கெடுமா? மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஏசினாலாவது திருப்பி ஏசியிருப்பாள், அதுவும் ஒரு கதைதானே. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் அவள் மறுபடி ஹாஜியாரிடம் போனாள்.

“அந்தத் தடைய எடுத்துட்டா நல்லம் ஹாஜியார்.”

“ஏன்? இப்பதானே வேல நல்லா ஓடுது.”

எனக்குக் கதைக்க ஆளில்லை என்பதுதான் உண்மை. ஐம்பது தாண்டியவள் அதை எந்த முகத்தோடு சொல்வாள்? “இல்ல... மகள்ற படங்களப் பேஸ்புக்ல பாக்கலாமெண்டு,” என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள்.

ஹாஜியாருக்கு மனம் இளகிவிட்டது. “அத முந்தியே சொல்ல ஏலாதா? ஒங்கட கொம்பியூட்டர மட்டும் தொறந்து விடச் சொல்றன்.”

“சரி ஹாஜியார்,” என்று சொல்லிவிட்டு அவள் தன் கதிரைக்குத் திரும்பினாள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அகீலா வந்து திறந்துவிட்டாள். “சரி ராத்தா. இனி நீங்க எதையும் பாக்கலாம்,” என்று திரையைப் பார்த்தே சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்ததும் சாப்பாட்டு அறையில் சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது.

ஸக்கியா பார்சலைத் திரைக்கு முன்னால் பிரித்தாள். என்ன தேட வேண்டும் என்று யூடியூப் கேட்டது. தேட அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டிய மூன்று பேரும் சுவருக்கு அந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.