கீழே விழுந்தவரின் மதிப்பெண்

பிக்கர் சிங்குக்குத் தோற்பதுதான் தொழில். பதினாறு வருஷமாகப் பஞ்சாபின் பக்வாடாவிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த மல்யுத்தக் காட்சிகளில் ஒன்றில்கூட அவர் ஜெயித்தது கிடையாது. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் தூக்கி எறியப்படுகிற உடம்பு நிஜம், அது போய் விழுகிற பலகையும் நிஜம். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகைக்கு மேல் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு மெத்தை, அதன் மேல் தார்ப்பாய். அந்தச் சட்டத்தைப் பூட்டிக் கழற்றுவது நான். பெயர்களை எழுதுவது, மணி அடிப்பது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் நான்தான். தேஜா சிங்கின் பயிற்சிக்கூடத்தில் கணக்குப்பிள்ளை என்ற பொருளில் என்னை முன்ஷி என்பார்கள். என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

பிக்கர் எப்போதும் முகமூடி போட்டுத்தான் சண்டைக்கு வருவார். ஒரு வாரம் ரஷ்யக்காரன், மறு வாரம் பேய், திருவிழாக் காலத்தில் ராட்சசன். சீக்கியர் வழக்கப்படி தலைமுடியை உச்சியில் முடிந்திருந்ததால் முகமூடிக்குள் தலை நீண்டு தெரியும். முன்வரிசைப் பிள்ளைகள் 'முட்டைத் தலை' என்று கத்துவார்கள். பகலில் அதே பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிச் செல்பவரும் அவர்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜூன் மாதம், பள்ளிகள் விடுமுறையில் இருந்தபோது, மும்பையிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். தொலைக்காட்சிக்குப் புது மல்யுத்த நிகழ்ச்சி. வெளிநாட்டு ஆட்கள் வேண்டாம், எல்லாரும் நம் நாட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று திட்டம். ஜி.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடந்தது. அதை எடுத்து நடுவில் ரிங்கைப் போட்டோம். மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவை நகர்த்த முடியவில்லை. அதிலேயே தேர்வாளர்கள் உட்கார்ந்தார்கள்.

மூன்று நாள், ஐம்பத்தொரு பேர். ஒவ்வொருவரும் கயிற்றில் மோதி ஓட வேண்டும், ஓர் ஆளை இரண்டு விதமாகத் தூக்கிப் போட வேண்டும், பிறகு மைக்கைப் பிடித்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். அந்த 'ஓர் ஆள்' பிக்கர். ஒரே ஆளைத் தூக்கினால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்று மும்பைக்காரர்கள் சொன்னார்கள். ஐம்பத்தொரு பேர் ஆளுக்கு இரண்டு முறை என்றால் எத்தனை என்று யாரும் பெருக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தேர்வாளர்களில் முக்கியமானவர் கேதகி சப்னிஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹிசாரிலும் கோலாப்பூரிலும் இதே வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார். கால் வீங்கிச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்தவர் பெயரைத் தேடும் களைப்பு அவர் முகத்தில் இருந்தது. பக்கத்தில் எங்கள் தேஜா சிங். தாளில் பத்துப் பத்து மதிப்பெண்ணுக்கு நான்கு கட்டங்கள்: உடல், முகம், பேச்சு, கவர்ச்சி.

முதல் நாள் மதியம் வரை பன்னிரண்டு பேர். சாப்பாட்டுக்கு மண்டபத்துப் பின்பக்கம் ராஜ்மாவும் சோறும் கொடுத்தார்கள். பிக்கர் சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டார். உட்கார்ந்தால் எழ முடியாது என்றார்.

"எப்படி இருக்கானுங்க பசங்க?" என்று கேட்டேன்.

"பதினொண்ணாம் நம்பர் யாராவது ஒருத்தர் கழுத்த ஒடிப்பான். ஆறாம் நம்பர் பரவால்ல. பயந்துகிட்டே தூக்குறான், ஆனா விடமாட்டேங்கிறான். அந்தப் பொன்னிறக் கச்சை போட்டவன் இருக்கானே, தூக்கும்போதே கேமரா எங்கன்னு தேடுறான்."

கேதகி மேடம் தண்ணீர் பாட்டிலோடு எங்கள் பின்னால் நின்றிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை.

"பதினொண்ணுக்கு நான் எட்டு போட்டிருக்கேன் பிக்கர்ஜி," என்றார். "ஏன் அப்பவே சொல்லல?"

"யாரும் கேக்கல மேடம்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, ஓரத்தில் பேனாவால் ஐந்தாவதாக ஒரு கட்டம் கிழித்தார். "இனிமே ஒவ்வொருத்தர் முடிஞ்சதும் இவர்கிட்ட கேட்டு எழுதுங்க முன்ஷிஜி."

தேஜா சிங்குக்கு அது பிடிக்கவில்லை. "கீழ கெடக்கிறவன் மார்க் போடறதா? நல்லா இருக்கு," என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். ஆனாலும் அன்று மதியத்திலிருந்து நான் கயிற்றோரம் போய் நிற்பதும், பிக்கர் மூச்சு வாங்கியபடி ஒரு எண்ணைச் சொல்வதுமாக வேலை நடந்தது. அவர் ஐந்துக்கு மேல் கொடுப்பது அபூர்வம்.

இரண்டாம் நாள் காலையில் ரூபிந்தர் வந்தாள். சங்ரூர்ப் பக்கம், கபடி ஆட்டக்காரி, இருபத்தாறு வயது. அகலமான தோள், முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. பிக்கரை இடுப்பில் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேல் ஒரு கணம் நிறுத்தி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டாள். பலகை பெரிதாகச் சத்தம் போட்டது. பிக்கர் எழவில்லை. நான் பதறிக் கயிற்றுக்குள் தலையை நுழைத்தேன்.

கண்ணை மூடியபடியே, "பத்து," என்றார். "இன்னொரு தடவ போடச் சொல்லு. நேத்துலேருந்து இப்பத்தான் முதுகுக்கு இதமா இருக்கு."

ரூபிந்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மைக்கைக் கொடுத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "என் பேரு ரூபிந்தர். எனக்குத் தூக்கிப் போடத் தெரியும்," என்றாள். அதோடு சரி. பேச்சுக் கட்டத்தில் தேஜா சிங் ஒன்று போட்டார், கேதகி மேடம் மூன்று போட்டார்.

அன்று மாலை முப்பத்தொன்றாம் எண்: அங்கத். அம்பாலாப் பையன். இரண்டு வருஷமாகத் தேஜா சிங்கிடம் பயின்றவன். ஆறடி நாலங்குல உயரம். அவன் மைக்கைப் பிடித்ததும் தேநீர் கொண்டுவந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். தன் அம்மா மில்லில் பஞ்சு பிரித்ததையும், அந்தப் பஞ்சுத் தூசி இன்னும் தன் தொண்டையில் இருப்பதையும் சொன்னான். குரல் கொஞ்சமும் உயரவில்லை. கேதகி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவனிடம் நிஜமாகவே விஷயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

அதன் பிறகு அவன் பிக்கரைத் தூக்கினான். முதல் தடவை சரியாகத்தான் விழுந்தார். இரண்டாவது தடவை, உச்சியில் இருக்கும்போது அவன் கூட்டத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பினான். பிடி நழுவியது. பிக்கர் முதுகு படாமல் பிடரியில் விழுந்தார். சத்தம் வேறு மாதிரி இருந்தது. பதினாறு வருஷம் அந்தப் பலகையின் சத்தத்தைக் கேட்டவன் நான், எனக்குத் தெரியும்.

அவர் எழுந்துவிட்டார். எழுவது அவருக்குப் பழக்கம். இடது கையை மட்டும் உதறிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு," என்றார்.

எழுதினேன்.

"அவன் கெட்டவன் இல்ல முன்ஷி. நான் அங்க இருக்கேன்கிறதே அவனுக்குத் தெரியல. அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் காலையில் பட்டியலை வரிசைப்படுத்தும்போதுதான் நான் எழுதாத ஒரு தாளைக் கடைசியில் பார்த்தேன். ஐம்பத்திரண்டு: பிக்கர் சிங், வயது முப்பத்தாறு. அவருக்கு நாற்பத்தொன்று. அவரைத் தேடிப் போனேன். உடை மாற்றும் அறையில் பனிக்கட்டிப் பையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன?"

"தேர்வு எல்லாருக்கும்னுதானே போட்டிருந்தாங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூப்பிடும்போது மெதுவாக் கூப்பிடு," என்றார்.

"இந்தக் கழுத்த வச்சுகிட்டா?"

"கழுத்து எப்ப நல்லா இருந்துச்சு?"

மாலை நாலு மணிக்கு ஐம்பத்தொன்றாவது ஆள் முடிந்தான். நான் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். இருந்தும் தேஜா சிங் காதில் விழுந்துவிட்டது. அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிக்கர் முகமூடி இல்லாமல் ரிங்கின் நடுவில் போய் நின்றதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"டேய், உன்னை எத்தனை வருஷமாப் பாக்குறேன். உனக்கெதுக்குடா தேர்வு?"

"பாத்தீங்க உஸ்தாத். மார்க் போட்டதில்லையே."

கயிற்றில் மோதி ஓடினார். வேகம் இல்லை, ஆனால் ஒரு அடிகூடத் தப்பாக விழவில்லை. அடுத்து ஆளைத் தூக்க வேண்டும். விழுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் யாரும் இல்லை. விழுகிற ஆள்தான் தூக்க வந்து நிற்கிறார். அங்கத் சுவரோரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூபிந்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக்குள் நுழைந்தாள்.

"நான் விழறேன் பாஜி," என்றாள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

பிக்கர் அவள் இடுப்பைப் பிடித்தார். தூக்கினார். தோள் உயரம் வரை போனாள். அதற்கு மேலே கொண்டுபோகும்போது அவருடைய இடது முழங்கை ஆடியது. என் இடத்திலிருந்தே தெரிந்தது. அப்படியே விட்டிருந்தாலும் அவள் எப்படியாவது சமாளித்து விழுந்திருப்பாள், தேர்வாளர்களுக்கும் ஒரு எறிதல் கணக்கில் வந்திருக்கும். பிக்கர் அவளை வந்த வழியே இறக்கி, நின்ற இடத்திலேயே நிற்க வைத்தார்.

"அவ்வளவுதான் மேடம்," என்றார் சோபாவைப் பார்த்து.

கேதகி மேடம் மைக்கைக் கொடுக்கச் சொன்னார். தோற்கிறவர்களிடம் யாரும் மைக் கொடுப்பதில்லை. பிக்கர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"எதப் பத்திப் பேசணும்?"

"உங்களப் பத்திப் பேசுங்க பிக்கர்ஜி."

"நான் பிக்கர் சிங். பக்கத்துலதான் வீடு. வேன் ஓட்டுறேன்." கொஞ்சம் யோசித்தார். "எவ்வளவு உயரத்துலேருந்து போட்டாலும் எந்திரிச்சிருவேன்."

அதற்கு மேல் வரவில்லை. ஒரு நிமிஷம் என்பது விதி. மீதி நேரம் முழுக்க மைக்கை நெஞ்சோடு பிடித்தபடி பேசாமல் நின்றார். மணியை முன்னதாக அடித்துவிடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை. அந்த நிமிஷம் அவருடையது.

ஐந்தாவது கட்டத்துக்காக ரூபிந்தரிடம் போனேன்.

"இதுக்கு என்ன நம்பர் போடறது?" என்றாள். "அவரு கையில பிடிமானமே இல்ல முன்ஷிஜி. விரலெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

ஜலந்தரில் ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இது நேற்று வந்தது இல்லை, பல வருஷத்துச் சேர்மானம், கடைசியாக விழுந்ததில் எல்லை தாண்டிவிட்டது என்றார். இனிமேல் விழக் கூடாது. பிக்கரின் மனைவி ஷிந்தர், வீட்டிலிருந்தபடியே கால்பந்து தைப்பவள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பந்தின் தையலைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வோர் எலும்பாகப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து முடிவுகள் வந்தன. அங்கத் முதல் பெயர். ரூபிந்தர் எட்டாவது, கடைசி. மறுநாள் கேதகி மேடம் போனில் கூப்பிட்டார். நானும் அப்போது பிக்கர் வீட்டில் இருந்தேன். பிக்கர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கத்துக்கு எதிரா ஒரு முகமூடி ஆள் வேணும் பிக்கர்ஜி. எட்டு வாரம். அவன் கீழ வேற யாரையும் நிறுத்த எனக்குப் பயமா இருக்கு. நீங்கன்னா தாங்குவீங்க."

ஷிந்தர் ஊசியை நிறுத்தினாள்.

பிக்கர் பதினாறு வருஷமாகக் காத்திருந்த அழைப்பு அது. "அவன் பேசுறத நானும் கேட்டேன் மேடம். நல்லா வருவான்," என்றார். "ஆனா என்னால முடியாது. வேற யாரையும் அவனுக்குக் கீழ விடாதீங்க. ரெண்டு மாசம் மணல் மூட்டையத் தூக்கிப் போடச் சொல்லுங்க. மூட்டை கிழியாம விழுற அன்னைக்கு ஆளக் குடுங்க."

மறுமுனையில் எழுதுகிற சத்தம் கேட்டது. "நீங்க வரலன்னா எனக்குக் கஷ்டம்தான்," என்றார் மேடம். அவர் குரலிலும் தூக்கம் இல்லாத களைப்பு. வைத்துவிட்டார்.

மும்பைக்குப் புறப்படும் முன் அங்கத் ஆப்பிள் பையோடு வந்தான். பிக்கரின் காலைத் தொட்டான். "உங்க ஆசீர்வாதம் வேணும் பாஜி. என்னமோ மூட்டை தூக்கணும்ங்கிறாங்க, யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க," என்றான். அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

ஷிந்தர் தேநீர் கொண்டுவந்தாள். ஒரு தம்ளரை அவனிடம் கொடுத்தாள், மற்றொன்றைக் கணவரின் இடது பக்கம் நீட்டினாள். பிக்கர் வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து வாங்கினார்.

"அந்தக் கை ஏன் வரலன்னு கேளு தம்பி," என்றாள்.

"ஷிந்தர், விடு."

"எதுக்கு விடணும்? ரெண்டாந்தடவ தூக்கினியே, அப்ப யாரப் பாத்துகிட்டிருந்த?"

அங்கத் அவளைப் பார்த்தான், பிறகு அவர் கையைப் பார்த்தான். தேநீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். போகும்போது வாசலில் என்னிடம், "மூட்டை எத்தனை கிலோ இருக்கணும்னு பாஜி சொன்னாரா?" என்று மட்டும் கேட்டான். எண்பது என்று நானாகச் சொல்லி வைத்தேன்.

ஜூலையில் பள்ளி திறந்தது. வேனில் கியர் போடும் கை இடது கை. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை அவரே கொடுத்துவிட்டார். பிள்ளைகள் இருக்கிற வண்டி என்றார். இப்போது ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறார். அதில் கியர் கிடையாது.

நிகழ்ச்சி அக்டோபரில் தொடங்கியது, ஞாயிறு மாலை. ஸ்டேஷன் எதிரே தேநீர்க்கடையில் தொலைக்காட்சி உண்டு. ஒரு ஞாயிறு நான் போனபோது பிக்கரும் அங்கே உட்கார்ந்திருந்தார். திரையில் ரூபிந்தர் ஒரு மணிப்பூர்ப் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். கடையில் எல்லாரும் ரூபிந்தரைப் பார்த்தார்கள். பிக்கர் கீழே விழப்போகிற பெண்ணின் மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இழுத்துக்கோ," என்று முணுமுணுத்தார். அவள் இழுத்துக்கொண்டாள். முதுகு முழுதும் பட விழுந்தாள்.

அமிர்தசரஸ் ரயில் வந்து நின்றிருந்தது. இரண்டு பெட்டிகளோடு ஒரு குடும்பம் கடை வாசலில் நின்று, "பேருந்து நிலையம் போகுமா?" என்று கேட்டது. பிக்கர் எழுந்து, வலது கையால் ஒரு பெட்டியைத் தூக்கினார். இன்னொன்றை நான் தூக்கினேன்.