அருவிக்கு இரண்டு நொடி மௌனம்

நண்பன் எடுத்த திகில் குறும்படத்துக்கு டிரெய்லர் வெட்டும் வேலை எனக்கு வந்தது. "பாக்கவன் பயப்படணும். எவனாவது சிரிச்சாம்னா, படத்த எடிட் பண்ண வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டான்.

நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து நாற்பது டிரெய்லர் பார்த்தேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. எல்லாவற்றிலும் அலறலுக்கு முன் இரண்டு நொடி சத்தமே இல்லை. நானும் குற்றால அருவி விழும் காட்சியில் இரண்டு நொடி சத்தத்தை நிறுத்தி, அடுத்து அலறலை வைத்தேன்.

முதலில் மனைவியிடம் காட்டினேன். மௌனம் வந்ததும், "ஏங்க, போன்ல சவுண்டு போச்சு" என்று என்னிடமே நீட்டினாள். அப்போது பார்த்து அலறல் வர, துள்ளிக் குதித்தது நான்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அருவி சத்தமில்லாமல் விழுந்தால் எங்கள் ஊரில் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

"அந்த எடத்த வெட்டிருங்க" என்றாள். நாற்பது டிரெய்லர் படித்தவன் வெட்டுவானா? அப்படியே நண்பனிடம் கொண்டுபோனேன்.

"ஏலே, சத்தத்தக் காணோம்" என்று அவன் வால்யூமை முழுக்க ஏற்றினான். அலறல் வந்தது. கையிலிருந்த டீ மொத்தமும் சட்டையில்.

அவன் சிரிக்கவில்லை. "எடிட்டிங் ஒனக்குத்தாம்லே" என்றான். "மொதல்ல சட்டையத் தொவச்சுக் குடு."