அணுகுண்டும் தக்காளிக் குச்சியும்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். அணு ஆயுதப் பாடத்தை வருஷா வருஷம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். எதிரியிடம் குண்டுகள் எக்கச்சக்கமாக இருக்கலாம், நம்மிடம் குறைவாக இருக்கலாம். அடி வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க நாலு மிச்சமிருந்தால் பெரியவன் நம்மேல் கைவைக்க மாட்டான். இதுதான் பாடம். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, என் அக்கா மகன் சீன எல்லையில் பனிமலையில் நின்றுகொண்டிருந்தான்.

அக்காவுக்குப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டம். கணவர் இறந்த பிறகு அவளுக்கு இந்த ஒரே மகன்தான். எல்லையில் பதற்றம் என்று டிவியில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, செடிகளுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று வகுப்பெடுத்தேன்.

“அவங்ககிட்ட நம்மளவிட ரொம்ப ஜாஸ்தி குண்டு இருக்குதுக்கா. ஆனா நம்மகிட்டயும் இருக்குதில்ல? அந்தப் பயத்துல துப்பாக்கி தோள்ல தொங்குனாலும் ரெண்டு பேருமே சுடமாட்டாங்க. சுடக்கூடாதுன்னு ஒப்பந்தமே இருக்குது.”

“அப்ப சண்டையே வராதா?”

“பெரிய சண்டை வராது. நீ வூட்டுல நிம்மதியா தூங்கு.”

அக்கா கையிலிருந்த குச்சியை ஊன்றாமல் அப்படியே பிடித்திருந்தாள். “சுடக்கூடாதுன்னா, அவங்க மேல வந்து வுழுந்தா எம்மவன் எதால தடுப்பாண்டா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரமே அவள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எல்லைக்கோட்டில் இரு தரப்பினரும் மோதிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை, ஒரு தோட்டாகூடப் பாயவில்லை. ஆணி அடித்த கட்டைகளாலும் கற்களாலும் அடித்துக்கொண்டார்கள். அக்கா மகன் தலையில் ஒரு கட்டை இறங்கியது.

பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினான். வலது கை விளங்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் “மாமா” என்று சொல்லி முடிக்கவே வெகு நேரமானது. இதற்கு மேல் தேற வாய்ப்பில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷமும் அக்கா தக்காளி வைத்தாள். குச்சியை நிறுத்தி, மேலே கட்டையால் முதல் அடி போட்டதுதான் தாமதம், வரப்பில் உட்கார்ந்திருந்தவன் இடது கையால் தலையை மூடிக்கொண்டு மண்ணில் சுருண்டான். லுங்கி நனைந்துவிட்டது. அக்கா கட்டையை வீசிவிட்டு ஓடினாள்.

அதிலிருந்து அவள் குச்சி நடுவதே இல்லை. செடிகள் தரையில் கிடக்கின்றன, பாதிப் பழம் மண் பட்டு அழுகிவிடுகிறது. ஊரே குச்சி கட்டி விளைக்கிறபோது இவள் தோட்டம் மட்டும் மாடு புகுந்த மாதிரி கிடக்கிறது.

போன மாதம் அழுகலைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பாடம் இன்னும் நடத்துறியாடா?”

“நடத்துறேங்க்கா.” என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நீ சொன்னது தப்பில்ல. பெரிய சண்டை ஒண்ணும் வரலியே” என்றாள்.

வெயில் வரப்பில் உட்கார்ந்திருந்தவன் முகத்துக்கு வந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, மகனை நிழலுக்கு நகர்த்தப் போனாள்.