சிரிக்காமல் விட்ட சாவு

நான் பார்த்த வேலைகளிலேயே எனக்கு ஒழுங்காகச் சோறு போட்டது செத்துப்போவதுதான். தொலைக்காட்சித் தமிழ் நாடகங்களில் எனக்கு எப்போதும் அப்பா வேடம். அப்பா செத்தால்தானே பிள்ளைகள் சொத்துக்கு அடித்துக்கொள்ள முடியும்? அதனால் கதை தொடங்கிய வேகத்தில் என்னைத் தீர்த்துவிடுவார்கள். மாரடைப்பில் செத்திருக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் பாம்பு கடித்துச் செத்திருக்கிறேன். மகள் ஓடிப்போன சேதி கேட்டு, கையில் கோப்பிக் கோப்பையோடு செத்திருக்கிறேன். ஒரு டைரக்டர் என் தலையில் முள்ளு முள்ளான டுரியான் பழம் விழுந்து சாகச் சொன்னார். அதை மட்டும் முடியாது என்றுவிட்டேன். மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

சாவது சும்மா படுத்துக் கிடக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து படுத்துப் பார்க்கட்டும். கண்ணை மூடினால் இமை துடிக்கும். மூடிய இமைக்குள்ளேயே பார்வையைக் கீழே தாழ்த்தி வைத்தால்தான் துடிப்பு நிற்கும். மூச்சை நெஞ்சில் விடாமல் வயிற்றின் அடியில் விட வேண்டும். அந்த நேரம் பார்த்து, மனைவியாக நடிக்கிற அம்மா “என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று முழங்கையை விலாவில் ஊன்றி விழுவார். வலிக்கும். கத்தக் கூடாது. மூக்கில் கொசு உட்காரும். அதையும் ஒன்றும் செய்யக் கூடாது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் படுத்த இடத்திலேயே கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். நாடகத்தில் அது வராது. கேமராவுக்குள்ளே ஆளைச் செத்தவனாகவே விட்டுவிட்டு வரக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. என் மனைவிக்கு உண்டு. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள், எதையும் பாதி வேக்காட்டில் இறக்க மாட்டாள். என் நாடகங்களை அவள் பார்ப்பதில்லை. “அழுமூஞ்சி நாடகத்த எவ பாப்பா?” என்பாள். ஆனால் நான் சிரிக்கிற வீடியோத் துண்டை மட்டும் உதவி டைரக்டர் அவள் கைப்பேசிக்கு அனுப்பிவிட வேண்டும். இத்தனை வருஷச் சிரிப்பும் அவளிடம்தான் இருக்கிறது.

போன வருஷம் கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் படப்பிடிப்பு. ஆள் குடியில்லாத வீடுகள், வரிசையாக நின்றன. ஒரு வீட்டு வாசலில் என்னைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பிளைவுட்டில் அடித்து, தவிட்டு நிறச் சாயம் பூசி, தங்க நிறப் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த பெட்டி. மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணி, நெற்றியில் காசு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. மூன்று பிள்ளைகளும் முறை வைத்து அழுது முடித்தார்கள். டைரக்டர் “கட்” என்றதும் வானம் கிழிந்த மாதிரி இடி. கேமராவுக்குப் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு கூட்டம் ஓடியது. விளக்கைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கூட்டம் ஓடியது. மகனாக நடித்தவன், மகளாக நடித்தவள், கொள்ளிச்சட்டி தூக்க வந்தவர், எல்லாரும் ஓடினார்கள். அப்பனை மட்டும் மழையில் விட்டுவிட்டார்கள். கட்டிய காலோடு எழுந்து, பெட்டியைத் தாண்டித் தத்தித் தத்திப் போய்ச் சேற்றில் விழுந்தேன். அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரித்திருந்தாலும் எடுக்கக் கேமரா இல்லை.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதே அவள் கைப்பேசியோடு வந்து நின்றாள்.

“ஏங்க, சிரிப்பு வரலையே இன்னும்?”

“மழை புள்ள. எடுக்க முடியல.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆப்ரேஷன். வயிற்றில் ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார், வெட்டியெடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் அதே வாயால் சொன்னார். ஏற்கெனவே ஒரு தடவை, பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். இந்தத் தடவை விடக் கூடாது என்று நான் சாம பேத தான தண்டம் எல்லாம் செய்து ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன்.

“நீங்க சிரிக்காம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்” என்றாள்.

“ஏன்டி, ஒன் வயித்துக்கும் என் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்?”

“வீட்டுல ஒருத்தர் அங்க செத்த மாதிரியே கெடக்குறப்ப, இன்னொருத்தி மயக்க மருந்து வாங்கிட்டுப் படுக்கலாமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க.”

யாராவது கேட்டால் எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சோபாவில் படுத்தேன், கண்ணை மூடினேன், திறந்தேன், என் கைப்பேசியைப் பார்த்து ஈயென்று இளித்து அவளுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. “சாவு அந்தக் கேமராவுல, உசுரு இந்தக் கேமராவுலயா?” என்றாள். அதே கேமரா, அதே பெட்டி, அதே வேட்டி வேண்டுமாம். கோபத்தில் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. முட்டாள்தனம் என்று கத்தினேன். அவள் ஆஸ்பத்திரிக்கு என்று கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். நான் டைரக்டரைக் கூப்பிட்டேன்.

அவன் சின்னப் பையன். எனக்கு மகனாக இருக்கக்கூடிய வயது. “அங்கிள், கேமரா இப்ப கோலா குபு பாருல இருக்கு லா. போலீஸ் சீன். பெட்டி பாகான் நக்கோடா ஓமார்ல. அதுலதான் வயரெல்லாம் போட்டுக் கொண்டு போயிருக்காங்க.”

கேமரா மலையடிவாரத்தில், பெட்டி கடற்கரையில், பிணம் கோலா சிலாங்கூரில் என் வீட்டில். நான் விஷயத்தைச் சொன்னேன். ஆப்ரேஷன் என்றதும் அவன் கொஞ்சம் அடங்கினான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் செகிஞ்சானில் வயல் காட்சிக்குச் சேருகிறார்கள், அங்கே வந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்றான்.

ஞாயிறு காலையில் அவள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு காடியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பிண வேட்டியைத் துவைக்காமல் பையில் எடுத்துக்கொண்டேன். துவைக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு.

செகிஞ்சான் வயல் அப்போது நல்ல பச்சை. கல்யாணப் படம் எடுக்க வரும் சீன ஜோடிகளுக்கு அதுதான் பருவம். வெள்ளைக் கவுன் போட்ட பெண்கள் வரப்பு வரப்பாக நின்றார்கள். எங்கள் கதாநாயகியும் கனவுக் காட்சிக்காக முழுக் கல்யாண அலங்காரத்தில் நின்றாள். நடுவில் எங்கள் ஆட்கள் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த வயர், குடை, சம்பல் டப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, வாய்க்கால் ஓரத்தில் வைத்தார்கள். பக்கத்து ஜோடியின் படக்காரன் திரும்பிப் பார்த்தான். தன் ஆட்களை அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

மோட்டார் சைக்கிளில் போன சீனக் கிழவர் ஒருவர் மட்டும் பிரேக் போட்டார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எங்கேயாவது எண் எழுதியிருக்கிறதா என்று தேடினார். நாலு நம்பர் லாட்டரி எடுக்கத்தான். இல்லையென்றதும் மலாயில் என் வயதைக் கேட்டார். பிறகு என் மனைவியைப் பார்த்து, செத்தது யார், இவரா நீங்களா என்று கேட்டார்.

“இன்னும் முடிவாகல. புதன்கெழமை வந்து கேளுங்க” என்று அவளும் மலாயிலேயே சொன்னாள். கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

என்னைப் படுக்க வைத்தார்கள். மேக்கப் பெண் கைப்பேசியில் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்துப் பஞ்சு வைத்தாள். காசு வலப்பக்கம் சரிந்திருந்தது என்று என் மனைவி திருத்தினாள். “ஆக்‌ஷன்” என்றான் டைரக்டர். கண்ணைத் திறந்தேன், எழுந்தேன், சிரித்தேன்.

“இது பல்லு வெளம்பரம்” என்றாள் அவள். “மறுபடி எடுங்க தம்பி.”

மறுபடி படுத்தேன், எழுந்தேன், சிரித்தேன்.

“இது வில்லன் சிரிப்பு.”

“ஆன்ட்டி, அவரு ஆக்டர் லா. அப்படித்தான் சிரிப்பாரு.”

“நடிக்கிறப்ப நடிக்கட்டும். உசுரு வரும்போது எதுக்கு நடிப்பு?”

மூன்றாவது தடவை படுத்தபோது சிரிப்பு சுத்தமாக வரவில்லை. மேலே வெயில். பஞ்சின் வழியாகச் சேற்று வாசனை. நாளை மறுநாள் இவள் இந்த மாதிரி மல்லாந்து படுப்பாள், அப்போது நான் கதவுக்கு வெளியே நிற்பேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. பயமாக இருந்தது. அதுவரை நான் பயப்படவேயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கத்திய கத்தல் எல்லாமே பயம்தான் என்று அந்தப் பெட்டியில் படுத்தபடி தெரிந்தது. கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தேன். முகம் கோணிக்கொண்டு போனது.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“நம்ம கல்யாணப் படத்துலயும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருந்தீங்க. எங்க சித்தப்பா கேட்டாரு, மாப்பிள்ளைய எந்த எழவு வீட்டுலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்கன்னு.”

சித்தப்பா அப்படிக் கேட்டது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. வந்துவிட்டது சிரிப்பு. தாடைத்துணி கழன்று கழுத்தில் விழுந்தது, காசு எகிறி வாய்க்காலில் போனது, மூக்குப் பஞ்சு ஒரு பக்கம் தெறித்தது. நிறுத்த முடியவில்லை. கேமராக்காரன் கட்டை விரலைக் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாடா, தொலைந்தது சனி என்று கால் கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பையை மேக்கப் பெண்ணிடம் கொடுத்தாள்.

“எனக்கும் ஒன்னு எடுங்க தம்பி.”

டைரக்டருக்குப் புரியவில்லை. “ஆன்ட்டி, நீங்க சாகவே இல்லையே?”

“அதான் முன்கூட்டியே எடுத்து வச்சுக்கிறேன்.”

“ஏய், என்ன பேச்சு இது? வா வீட்டுக்கு” என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வயல் ஜோடிகூடத் திரும்பியது.

“ஒங்களுக்கு எத்தன தடவ எடுத்திருக்காங்க? எனக்கு ஒரே ஒரு தடவ எடுக்கட்டுமே” என்றாள். கோபமே இல்லை அவள் குரலில்.

சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறிப் படுத்தாள். பெட்டி என் அளவுக்கு அடித்தது. அவள் கால்மாட்டில் இரண்டு தலையணை வைக்கிற இடம் மிச்சமிருந்தது. மேக்கப் பெண் பஞ்சோடு தயங்கித் தயங்கிக் குனிந்தாள்.

“மூக்குக்கு வேணாம்மா. அங்க அவங்களே கொழாய் வப்பாங்க.”

கண்ணை மூடினாள். அவளுக்கு அந்த வித்தை தெரியாது. இமை துடித்தது. கல்யாண அலங்காரத்தில் நின்ற கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். டைரக்டர் “ஆக்‌ஷன்” சொல்ல மறந்து நின்றான். பெட்டிக்கு உள்ளே கிடந்தே பழகியவன் நான். வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் நிற்க என்னால் முடியவில்லை.

“சொல்லேன்டா! எவ்வளவு நேரம் அவள இப்படிப் போட்டு வச்சிருப்ப?” என்று கத்தினேன்.

“ஆக்‌ஷன்” என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியோடு மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். கேமரா எந்தப் பக்கம் என்று தேடி, நடுவில் என்னைப் பார்த்துவிட்டாள்.

“அட, இவரு ஏன் அழுறாரு? படம் கெட்டுப் போவுது பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒரே டேக். இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு அப்படி ஒரு தடவை அமைந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டி கெட்டதில்லை என்று பிற்பாடு முடிவு வந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எழுந்து சிரிக்கிற அந்தத் துண்டைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரர் எட்டிப் பார்த்து, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து சிரிப்பதைக் கண்டு, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மத்தியானம் கதவு திறந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, கண் பாதி மூடியபடி கிடந்தாள். கண்ணைத் திறந்ததும் எடுக்க வேண்டுமே, இதைத்தானே கேட்பாள் என்று அவசர அவசரமாகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலோடு ஓடினேன். “சிரி புள்ள, சிரி” என்றேன்.

இமை கொஞ்சம் விலகியது. என்னைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரமானது.

“அத உள்ள வைங்க” என்றாள். “கையப் புடிங்க.”